கொல்லையை விட்டகன்ற செடி

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையில் வந்திறங்கும் தமிழர் ஒருவருக்கு, அயலூர் வந்துவிட்டோம் என்னும் எண்ணம் எளிதில் தோன்றுவதில்லை. மேற்கே கோட்டை வாயில். அதனுள்ளே பத்மநாபசுவாமி கோயிலும் பத்மதீர்த்தமும். கிழக்கே சாலைக் கடைத்தெரு. மளிகையும் வாழைத்தாரும் நாட்டு மருந்துச் சரக்கும் குவிந்து கிடக்கும் அத்தெருவில் தமிழ் வழங்காத கடை அரிது. 1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்தினின்றும் இங்கு மாறியது. அக்காலத்தை ஒட்டித் திவான் இராஜா கேசவதாசர் நிறுவிய அங்காடியே சாலை. நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வணிகர் வந்த வண்ணம் இருந்தனர். 1956 நவம்பர் முதல் நாள் வரையில் நாஞ்சில் நாடும் இத்தலைநகரின் ஆட்சிக்கு உட்பட்டே இருந்தமையால், அவர்களைக் குடியேறியவர் என்று சொல்வதும் ஒருவகையில் பொருந்தாது.

கோட்டைக்குள் இருந்த பழைய அக்கிரகார வீடுகள் அகலம் குறைந்தவை, நீளம் மிகுந்தவை. திண்ணையில் தொடங்கிக் கூடம், அடுக்களை, கிணறு என்று நீண்டு கொல்லையில் முடியும். அக்கொல்லையில் துளசியும் கறிவேப்பிலையும் ஆடாதோடையும் எவர் அனுமதியுமின்றி வளர்ந்தன. இன்று கொல்லைகள் குறைந்தன, மாடிகள் பெருகின. மொட்டை மாடியில் பைகளிலும் சட்டிகளிலும் வெண்டையும் தக்காளியும் மிளகாயும் வளர்ப்பது நகரத்தார் பலருக்கும் விருப்பமான பொழுதுபோக்காயிற்று. இவ்வரிசையில் வேறொரு செடியும் இடம் பெற்றது என்னும் செய்தி 2025இல் வெளியாயிற்று. கிழக்கேகோட்டைக்கு அணித்தான கமலேசுவரத்தில், வெளிமாநிலத்தவர் குடியிருந்த வாடகை வீடொன்றின் மாடியில், சட்டிகளில் வளர்ந்த கஞ்சாச் செடிகளைக் கலால் துறையினர் கண்டெடுத்தனர் என்பது அச்செய்தி. கொச்சியை அடுத்த காக்கநாட்டில் 2022இல் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் அடுக்களையிலேயே, மின்விளக்கொளியில், அச்செடி வளர்க்கப்பட்டதாக முன்னரே செய்தி வந்திருந்தது.

இவற்றைக் கேள்வியுற்றோர், "வீட்டிலா? காலம் இவ்வளவு கெட்டுவிட்டதா?" என்றனர். காலத்தைப் பழிக்கும் முன் சற்று வரலாற்றைப் புரட்டுவோமாயின் வேறொன்று தெரியவரும். கஞ்சாச் செடி வீட்டில் வளர்ந்தது புதுமையன்று. வீட்டில் வளரக்கூடாது என்னும் விதியே பிற்காலத்தது. அவ்விதி எவ்வாறு பிறந்தது, எவர்மீது முதலில் பாய்ந்தது என்பன, பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாடகை வீட்டில் வாழும் நம்மவர் அறிந்திருக்க வேண்டியவை எனக் கருதுகிறோம்.

மலையாளக் கரையின் செடிகளைப் பற்றிய மிக விரிந்த பழைய நூல் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்பது. கொச்சியிலிருந்த டச்சு ஆளுநர் ஹென்றிக் வான் ரீடு என்பார் தொகுப்பித்தது. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் அதற்கு அறிவுக் கருவூலமாக விளங்கினர். 1690இல் வந்த பத்தாம் தொகுதியில் 'களெங்கி கஞ்சாவ', 'செறு கஞ்சாவ' என இரு பெயர்களில் இரு படங்கள் காணப்படுகின்றன. இரண்டும் ஒரே இனம். கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. தோற்றத்திலும் வேறுபாடு உண்டு. ஆகவே நாட்டு வழக்கில் இரு பெயர் ஏற்பட்டதில் வியப்பில்லை. லின்னேயசு 1753இல் இவ்வினத்திற்குப் பெயர் சூட்டினார். இந்திய வகையைத் தனியினமாகக் கொண்டு லமார்க்கு 1785இல் வேறொரு பெயர் தந்தார். ஒன்றா இரண்டா என்னும் வழக்கு தாவர நூலாரிடையே நெடுங்காலம் நடந்தது. சட்டம் அவ்வழக்கிற் புகாமல், இந்தப் பேரினத்தைச் சேர்ந்த எச்செடியும் கஞ்சாச் செடியே என்று ஒரே வீச்சில் முடித்துவிட்டது.

ரீடின் நூலை இலத்தீனிலிருந்து ஆங்கிலமாக்கி விளக்கம் எழுதுவதற்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பேராசிரியர் கா. சு. மணிலால். அம்மொழிபெயர்ப்பை 2003இல் வெளியிட்டது கேரளப் பல்கலைக்கழகம். கோட்டை வாயிலிலிருந்து பாளையம் வரை சென்றால் அப்பல்கலைக்கழகத்தை அடையலாம். முந்நூறாண்டுக்கு முன் மருந்துச் செடிகளோடு ஒன்றாக எவ்விதக் கூச்சமுமின்றி வரையப்பட்ட அப்படங்களைக் காண விரும்புவோர் காணலாம்.

ஈண்டுப் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுவோம். ஆங்கில நூல்களில் 'இந்தியச் சணல்' என்று வருமிடத்துக் கஞ்சாவையே குறிக்கும். நம் வயல்களில் பசுந்தாள் உரத்திற்கு விதைக்கும் சணப்போ, கோணிப்பை நெய்யும் சணலோ அன்று. அவை வேறு குடும்பத்துச் செடிகள். மொழிபெயர்ப்பாளர் சிலர் இதனை மறந்து, அப்பாவியான சணப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவதுண்டு.

செடி ஒன்றாயினும் அதிலிருந்து கிடைக்கும் பொருள் மூன்று. இலையை அரைத்துப் பாலிலும் பண்டத்திலும் கலப்பது பாங்கு. பெண் செடியின் பூங்கொத்து கஞ்சா. பூவிலும் இலையிலும் கசியும் பிசின் சரசு. மூன்றின் வீரியமும் வேறு, வழக்கமும் வேறு. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னால் சட்டத்தின் கதையில் இதுவே திருப்பு முனையாக வரும்.

சித்தரும் ஆயுர்வேதத்தாரும் இச்செடியை மருந்தில் சேர்த்தனர். சேர்க்குமுன் தூய்மை செய்யும் முறைகளையும் வகுத்தனர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஓ'ஷாக்னசி என்னும் மருத்துவர் இந்நாட்டு வழக்கத்தை ஆய்ந்து 1839இல் கட்டுரை படிக்க, ஐரோப்பிய மருந்துக் கடைகளிலும் கஞ்சா ஏறியது. கொல்லையில் வளர்ந்த நாலைந்து செடிகளிலிருந்து கழிச்சலுக்கும் வலிக்கும் மாட்டு நோய்க்கும் இலை பறித்த வழக்கம் இந்நாட்டிற் பல பகுதிகளில் இருந்தது. புகைத்தோரும் இருந்தனர், அவர்களைப் பற்றி ஊரார் நல்லெண்ணம் கொண்டிருந்தனர் என்று சொல்வதற்கில்லை. வைத்தியரின் மருந்துப் பையிலும் சாவடித் திண்ணையிலும் ஒரே செடிக்கு இடமிருந்தது என்பதே உண்மை.

அரசினர் இச்செடியை நோக்கியது வேறு கண்ணால். சாராயம், கள், அபின், கஞ்சா ஆகிய நான்கும் வருவாய் இனங்கள். கடையை ஏலத்தில் விட்டால் ஒரு தொகை. சரக்கின்மீது தீர்வை விதித்தால் மற்றொரு தொகை. சென்னை மாகாணத்திற்கு 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டம் வந்தது. சுதேச சமஸ்தானங்களும் தத்தம் விதிகளை இயற்றின. கொச்சியில் கொல்லம் ஆண்டு 1077இல், அதாவது 1902இல், இயற்றப்பட்ட ஆப்காரிச் சட்டமே 1967இல் கேரளம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டு இன்றும் 'ஒன்றாம் எண் சட்டம், 1077' என்னும் பெயரோடு நடைமுறையில் உள்ளது. கிழக்கேகோட்டையில் இன்று கடை நடத்துவோரும் மறைந்த கொச்சி சமஸ்தானத்தின் சட்டத்திற்கே கட்டுப்படுகின்றனர் என்பது சுவையானதொரு செய்தி.

தீர்வை வாங்கும் அரசுக்குக் கள்ளை எண்ணுவது எளிது. பனையும் தென்னையும் மறைத்து வைக்கக் கூடியவை அல்ல. கஞ்சாச் செடியோ கிணற்றடியில் ஆளுயரம் வளர்ந்து சில மாதங்களில் முடிந்துவிடும். கடைக்காரன் ஏலத்தொகை கட்டிக் காத்திருக்க, கொல்லையில் செடியுள்ளவன் காசு கொடாமல் பறித்துக்கொள்வான். இந்தக் கணக்கை மறவாமல், இனி வரும் விசாரணையின் கதையைக் கேட்க வேண்டும்.

1893இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேயின் என்னும் உறுப்பினர், மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்தவர், இந்தியாவில் கஞ்சாவால் விளையும் தீங்கைப் பற்றி வினாவெழுப்பினார். வங்காளத்தில் மட்டும் விசாரிப்பதாக இருந்த எண்ணம், நாடு முழுவதற்குமாக விரிந்தது. பஞ்சாபைச் சேர்ந்த அதிகாரி மாக்வொர்த் யங் தலைமையில் எழுவர் கொண்ட கமிஷன் அமைந்தது. அவர்களுள் இந்தியர் மூவர். எழுபது வினாக்கள் அச்சிட்டு அனுப்பப்பட்டன. மருத்துவர், தாசில்தார், பாதிரியார், சாகுபடியாளர், வணிகர் என 1,193 பேர் சாட்சியம் அளித்தனர். 1894இல் அறிக்கை வெளிவந்தது. அரசாங்க அறிக்கைகளில் பெரும்பாலானவை உறக்கம் வருவிப்பவை. இஃது அவ்வகையைச் சேர்ந்ததன்று. வதந்தியையும் சான்றையும் பிரித்தறியும் முயற்சியில் இந்நாட்டில் நடந்த மிகச் சிறந்த விசாரணைகளுள் ஒன்று என நாம் அதனைத் தயங்காது கூறுவோம்.

பித்தர் விடுதிகளைப் பற்றி அவர்கள் கண்டதை மட்டும் சொல்கிறோம். கஞ்சா பைத்தியம் பிடிக்கச் செய்யும் என்பது எங்கும் நிலவிய நம்பிக்கை. விடுதிகளின் பதிவேடுகளும் அதனையே கூறின. 1892இல் பிரிட்டிஷ் இந்திய விடுதிகளிற் சேர்க்கப்பட்டோர் 1,344 பேர். அவர்களுள் 222 பேருக்குக் கஞ்சா வகைகளே காரணம் என்று எழுதப்பட்டிருந்தது. கமிஷனர் அந்த ஏட்டை நம்பி அமையாமல், ஒவ்வொருவரின் ஊருக்கும் சென்று உறவினரை விசாரிக்கச் செய்தனர். பிடித்து வந்த போலீசார் காரணம் தெரியாதவிடத்தில் 'கஞ்சா' என்று எழுதி அனுப்ப, மருத்துவர் அதனை அப்படியே படியெடுத்திருந்தமை பல நேர்வுகளில் வெளிப்பட்டது. முடிவில் எஞ்சியோர் 98 பேர். அவர்களிலும் 37 பேருக்கு வேறு காரணமும் உடனிருந்தது. தனித்துக் கஞ்சாவையே சுட்டக்கூடியவர் 61 பேர். திருவனந்தபுரத்து ஊளம்பாறையில் 1870இல் ஏற்பட்ட மனநோய் விடுதி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆதலின் அது இக்கணக்கில் வாராது.

அளவோடு கொள்வதால் பெருந்தீங்கு இல்லை, அளவு கடந்தால் உடலும் உள்ளமும் கெடும், முற்றாகத் தடை செய்வது தேவையுமன்று தக்கதுமன்று என்பது கமிஷன் கண்ட முடிவு. கஞ்சாவிற்காக வாதாடுவோர் இன்றும் இம்முடிவை மேற்கோள் காட்டுகின்றனர். காட்டுவோர் இறுதி அத்தியாயங்களையும் படித்திருந்தால் நன்று. கடையை மூட வேண்டாம் என்ற அதே கமிஷன், உரிமம் இன்றி எவரும் செடி வளர்க்கலாகாது என்றும், சாகுபடியை ஒரு சில இடங்களில் குவித்து அரசின் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்றும், தீர்வையைப் போதிய அளவு விதிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கடைக்கு வாழ்வளித்த கை கொல்லைச் செடியை வேரோடு பிடுங்கிற்று எனலாம். சென்னை மாகாணத்தில் கஞ்சா பெரும்பாலும் பரந்த வயலாக விளைந்ததன்று; வீட்டுத் தோட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற செடியே மிகுதி. ஆகவே இப்பரிந்துரையின் சுமை வேறெவரினும் வீட்டுச் செடியின்மீதே விழுந்தது. அளவு கடந்த பழக்கத்தைக் குறைக்கும் நோக்கமும் அதில் இருந்தது என்பதை மறைக்க மாட்டோம். ஆயினும் அளவைக் குறைக்கும் கருவியாக அவர்கள் கொண்டது விலை. விலையை உயர்த்தும் கருவி தீர்வை. தீர்வையைத் தப்பிப்பது கொல்லை.

அதன்பின் கஞ்சா விளைந்த இடங்கள் எண்ணக்கூடியவையாயின. தமிழகத்தில் ஜவ்வாது மலை; அங்குள்ள 'மலையாளி' என்னும் பழங்குடியினர் அரசின் மேற்பார்வையில் பயிரிட்டனர். (பெயரை வைத்து மயங்க வேண்டா, இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள், கேரளத்தவர் அல்லர்.) வங்காளத்தில் ராஜஷாகியை அடுத்த நவுகாங்வு வட்டாரம் பெயர் பெற்றது. ஆண் செடியைப் பூக்குமுன் கண்டறிந்து பிடுங்கி எறிவதற்கென்றே அங்கு 'போதார்' எனப்படும் வல்லுநர் இருந்தனர். 1917இல் கஞ்சா சாகுபடியாளர் கூட்டுறவுச் சங்கமும் அமைத்துக்கொண்டனர். வயலுக்குக் காவல், கிடங்கிற்குப் பூட்டு, மூட்டைக்கு முத்திரை என்று செடி முறைப்படி அரசாங்கச் சரக்காயிற்று. சேலத்தில் 1937இல் தொடங்கிய மதுவிலக்கின் சட்டம் மதுவோடு மயக்கப் பொருள்களையும் சேர்த்துக் கொண்டமையால், தமிழகத்தில் கடைக்கும் முடிவு நெருங்கிற்று.

கமிஷன் அமைவதற்கு இருபத்து மூன்றாண்டுகளுக்கு முன்னரே, கடல் கடந்த ஓரிடத்தில் நம்மவரைப் பெயர் சொல்லித் தடுத்த சட்டம் ஒன்று உண்டு. 1860 நவம்பர் 16ஆம் நாள் 'துரூரோ' என்னும் கப்பல், சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற் கூட்டம் அதுவே. தமிழரும் தெலுங்கரும் மிகுதி. பத்தாண்டு கழித்து, 1870இல், நேட்டால் அரசு இயற்றிய கூலிகள் சட்டத்தில் ஒரு பிரிவு: கூலிகள் சணற் செடியின் எப்பகுதியையும் புகைத்தலும் வைத்திருத்தலும் கூடாது, அவர்களுக்கு எவரும் அதனை விற்றலும் கொடுத்தலும் கூடாது. அந்நாட்டுப் பழங்குடியினர் 'தாகா' என்னும் பெயரில் அதே செடியை அறிந்திருந்தனர். எனினும் தடை எழுதப்பட்டது 'கூலி' என்னும் பெயரால். கவலை உடல்நலத்தைப் பற்றியதா, கரும்பு வெட்டும் நாட்கணக்கைப் பற்றியதா என்பதைத் தோட்ட முதலாளிகளின் காலத்தை அறிந்தோர் தாமே உணர்வர். கூலி வரிசைக் குடிசையின் பின்புறத்தில் ஊர் நினைவாக வளர்த்த முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் தடையில்லை. இச்செடிக்கு மட்டும் தடை. மேற்கே ஜமைக்காத் தீவிற்கு 1845 முதல் சென்ற இந்தியர் செடியின் வழக்கத்தோடு 'கஞ்சா' என்னும் சொல்லையும் கொண்டு சென்றனர். அத்தீவின் ஆங்கிலத்தில் அச்சொல் இன்றும் உண்டு. அங்கும் 1913இல் தடை வந்தது, அதே சொல்லைச் சட்டத்தின் பெயரிலேயே தாங்கி.

தென்னாப்பிரிக்க அரசு அதனோடு அமையாது, 1923இல் சர்வதேச சங்கத்திற்கு எழுதி, அபினைப் போல் இதனையும் உலகளாவிய கட்டுப்பாட்டிற் கொணரக் கோரிற்று. 1925இன் ஜினீவா உடன்படிக்கையில் எகிப்தின் வற்புறுத்தலால் இந்தியச் சணல் முதன்முறையாக இடம் பெற்றது. அப்போதும் நாட்டிற்கு நாடு செய்யும் வாணிகமே கட்டுப்பட்டது. வீடும் கொல்லையும் அவ்வந்நாட்டின் விருப்பம்.

அவ்விருப்பத்திற்கு எல்லை கட்டியது 1961இன் நியூயார்க் உடன்படிக்கை. இந்தியாவின் நீண்டகாலப் பாங்கு வழக்கத்தை எண்ணிப் பூவோடு சேராத இலை அதன் வரையறையிலிருந்து விலக்கப்பட்டது. மருந்தல்லாப் பயன்பாட்டை முடிக்க இருபத்தைந்தாண்டு தவணையும் தரப்பட்டது. தவணை முடியும் தறுவாயில், 1985இல், நம் பாராளுமன்றம் போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை நிறைவேற்றிற்று. அவ்வாண்டு நவம்பர் 14 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தில் நாம் மேலே வேண்டிக்கொண்ட வேறுபாடு வருகிறது. பூங்கொத்தும் பிசினும் தடைக்குட்பட்டவை. பூவோடு சேராத இலையும் விதையும் 'கஞ்சா' என்னும் சொல்லின் பொருளில் அடங்கா. இதனைக் கேட்ட சிலர், "இலைக்காகத்தானே வளர்க்கிறேன், அழகுக்காகத்தானே ஒரு சட்டியில் வைத்திருக்கிறேன்" என்று வாதிக்கலாம் எனக் கருதுகின்றனர். அஃது ஆபத்தான மயக்கம். பொருளுக்கு ஒரு வரையறை, செடிக்கு வேறொரு வரையறை. எட்டாம் பிரிவு செடி வளர்ப்பதையே தடுக்கிறது; சட்டியில் ஒன்றா வயலில் ஆயிரமா என்று அது வினவவில்லை. இருபதாம் பிரிவின்படி வளர்ப்பவருக்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பதினான்காம் பிரிவில் நாருக்கும் விதைக்கும் தோட்டக்கலைக்கும் வளர்க்க அரசு ஆணையிட்டு இசைவளிக்கலாம் என்றொரு வாசகம் உண்டு. 'தோட்டக்கலை' என்னும் அச்சொல்லைக் கண்டு பொழுதுபோக்குத் தோட்டக்காரர் மகிழ்வதற்கில்லை. ஆணை முன்னே வர வேண்டும், செடி பின்னே முளைக்க வேண்டும்.

வாடகை வீட்டார்க்கு மேலும் ஒன்று. தம் வீட்டையோ அறையையோ இக்குற்றத்திற்குப் பயன்படுத்த அறிந்தே இடங்கொடுத்தவரையும் இருபத்தைந்தாம் பிரிவு அதே தண்டனைக்கு உள்ளாக்குகிறது. நிலமுடையவர் தம் நிலத்தில் இச்செடி சட்டத்திற்கு மாறாக வளர்வதை அறிந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நாற்பத்தாறாம் பிரிவு. நான்கு இளைஞர் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கும் வழக்கம் அயல் மாநிலங்களில் நம்மவரிடையே மிகுதி. ஒருவர் ஆசைக்கு வைத்த சட்டி மற்ற மூவரின் வேலையையும் பெயரையும் வழக்குமன்றத்தில் நிறுத்தக்கூடும். மொழி அறியா ஊரில் 'எனக்குத் தெரியாது' என்பதை நிறுவுவது எளிதன்று. வெளியூரான்மீது ஐயம் முதலில் விழும் என்பதும் நம்மவர் அறிந்ததே.

மாநிலந்தோறும் காட்சி மாறுவதும் மயக்கத்திற்குக் காரணம். காசியில் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடை வெளிப்படையாக நடக்கிறது; இராசத்தானத்திலும் உண்டு. இமாசலத்தில் சாலையோரத்தில் இச்செடி களையைப் போல் தானே முளைத்துக் கிடக்கிறது. உத்தராகண்டம் 2018 முதல், மயக்கந்தரும் சத்து 0.3 விழுக்காட்டிற்கு மிகாத நார் வகையை உரிமத்தின்பேரில் பயிரிட இசைவளித்தது. விதையை உணவாக விற்க 2021இல் நாடு முழுவதும் வழி பிறந்தது. இவற்றைக் கண்ணாற் கண்ட ஒருவர், தடை தளர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு கேரளத்திற்கோ தமிழகத்திற்கோ வந்தால் ஏமாறுவார். இலையைக் கட்டுப்படுத்தும் உரிமை மாநிலங்களுடையது. கேரளத்து ஆப்காரிச் சட்டம் இலையையும் மயக்கப் பொருளென்றே எண்ணிற்று. காசிக் கடையின் பொட்டலம் கிழக்கேகோட்டையில் அதே மதிப்பைப் பெறும் என்று எண்ணுவதற்கில்லை.

அப்படியாயின் சட்டியும் விளக்கும் எங்கிருந்து வந்தன? மேலைநாடுகளில் தடை கடுமையான காலத்தில் வயலில் வளர்த்தோர் வானூர்தியின் கண்ணுக்குத் தப்ப அறைக்குள் புகுந்தனர்; சூரியனுக்குப் பதிலாக மின்விளக்கை ஏற்றினர். தேர்ந்து கலந்த விதைகள் தோன்றின. ஆக, செடி வீட்டிற்குள் மீண்டும் புகுந்தது, அதனை வீட்டினின்றும் விரட்டிய தடையினாலேயே. கொல்லைச் செடிக்கும் இதற்கும் பெயரன்றி ஒற்றுமை குறைவு. அன்றைய செடி மழையும் வெயிலும் தந்ததைக் கொண்டது; இன்றைய அறைச்செடி பூவின் வீரியத்திற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே 1894இன் கமிஷன் அளவோடு கொள்வதைப் பற்றிச் சொன்னதை இன்றைய பூவிற்கு அப்படியே பொருத்துதல் பிழை. இளவயதில் வீரியம் மிக்க கஞ்சாவிற்குப் பழகுவோர்க்கு மனப்பிறழ்ச்சியின் இடர் கூடுகிறது என்பதை இக்கால மருத்துவம் உணர்த்தியுள்ளது. பொய்ப் பதிவேட்டை அம்பலமாக்கிய கமிஷனர் இன்றிருந்தால் இதனையும் எழுதியிருப்பர்.

பிறநாடுகள் சில வீட்டுச் செடிக்கு மீண்டும் வழி விட்டுள்ளன. கனடா 2018 அக்டோபர் முதல் ஒரு வீட்டிற்கு நான்கு செடி என்றது. ஆயினும் கியூபெக் மாகாணம் வீட்டில் ஒன்றும் கூடாதென்று தடுத்தது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தடை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் வயது வந்தோர் ஒருவருக்கு மூன்று செடி என்றது. ஜமைக்கா 2015இல் வீட்டிற்கு ஐந்து என்று வகுத்தது. செடிகளை எண்ணும் இவ்வழக்கம், பனைக்கு எண்ணிட்டுத் தீர்வை வாங்கிய பழைய ஆப்காரிக் குமாஸ்தாவை நமக்கு நினைவூட்டுகிறது. கொல்லையை எண்ண முடியாது என்று கைவிட்டவர்களின் வாரிசுகள் ஒருவாறு எண்ணக் கற்றுக்கொண்டனர் போலும்.

தென்னாப்பிரிக்காவில் 2018 செப்டம்பர் 18ஆம் நாள், அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், வயது வந்த ஒருவர் தம் தனி வாழ்வில் தம் பயனுக்காக இச்செடியை வளர்ப்பதைக் குற்றமாக்கும் சட்டம் தனியுரிமைக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. விற்பது அங்கும் குற்றமே. 1870இன் கூலிகள் சட்டத்தால் தடுக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இன்று வாழ்கின்றனர். அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் அச்செடி நின்றால் காவலர் வேலியைத் தாண்டுவதில்லை. அவர்கள் மூதாதையர் கப்பலேறிய கரையில், கமலேசுவரத்து மாடியானாலும் சென்னைப் புறநகரின் மாடியானாலும், ஒரு சட்டிக்குப் பத்தாண்டு வரை என்பதே இன்றுள்ள விதி.